மலாவி மீனுக்கு ஜோடி கிடையாது

கொளத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள சிமென்ட் தொட்டிகளைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே மாதிரிதான் கேட்பார்கள். "அக்கா, எல்லா கலர்லயும் ஒரு ஜோடி போட்டுடுங்க." மஞ்சளில் இரண்டு, நீலத்தில் இரண்டு, ஆரஞ்சில் இரண்டு, வரி போட்டதில் இரண்டு. கப்பி, மோலி வாங்கிப் பழகியவர்கள் அப்படிக் கேட்பது இயல்புதான். ஆனால் ஆப்பிரிக்க சிக்லிட்டை இப்படி வாங்கிக்கொண்டுபோய் ஒரே தொட்டியில் விட்டால், வருஷம் திரும்புவதற்குள் பெரிய ஆண் மீன் ஒன்று தொட்டி முழுவதையும் பிடித்துக்கொள்ளும். மற்றவை செதில் உரிந்து, வால் கிழிந்து, ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் ஒண்டிக் கிடக்கும். அதனால் வலையைக் கையில் எடுக்கும் முன் நான் கொஞ்சம் பேசிவிடுவேன். எந்த மீன் எது, எதை எதனோடு சேர்க்கலாம் என்கிற அந்தப் பேச்சுதான் இந்தக் கட்டுரை.

சிக்லிட் என்றதும் ஏதோ நமக்குத் தெரியாத ஜாதி என்று நினைக்க வேண்டாம். சந்தையில் கிலோ கணக்கில் வாங்குகிற ஜிலேபி மீன் ஆப்பிரிக்க சிக்லிட்தான். மொசாம்பிக் ஜிலேபி 1952இல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. தாய் ஜிலேபி முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காப்பதை ஏரிக்கரையில் தூண்டில் போடுகிற பலரும் பார்த்திருப்பார்கள். நாம் தொட்டியில் வளர்க்கும் வண்ண சிக்லிட்டுகளில் பெரும்பாலானவையும் அப்படியே வாயில் குஞ்சு காப்பவை. அவை கிழக்கு ஆப்பிரிக்காவின் மூன்று பெரிய ஏரிகளைச் சேர்ந்தவை: மலாவி, டாங்கனிக்கா, விக்டோரியா.

கடையில் ஒரு மீனைக் கைகாட்டினால் முதலில் கேட்க வேண்டியது இது எந்த ஏரி என்றுதான். டாங்கனிக்கா ஏரியின் ஆழம் சுமார் 1,470 மீட்டர். தண்ணீர் மிகவும் கடினமானது, பிஎச் 9ஐ ஒட்டி இருக்கும். மலாவி ஏரி சுமார் 580 கிலோமீட்டர் நீளம், 700 மீட்டர் ஆழம். அதில் 800க்கும் மேற்பட்ட சிக்லிட் இனங்கள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அநேகமாக எல்லாமே உலகில் வேறெங்கும் கிடையாதவை. அங்கே பிஎச் 8ஐ ஒட்டியே இருக்கும். விக்டோரியா பரப்பில் பெரியது, ஆனால் 80 மீட்டர் அளவுக்குத்தான் ஆழம். 1950களில் அதில் நைல் பெர்ச் என்கிற பெரிய வேட்டை மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். 1980களில் அது பெருகியபோது நூற்றுக்கணக்கான சிக்லிட் இனங்கள் காணாமல் போயின. நம் ஊர்க் கடைகளில் கிடைப்பதில் பெரும்பங்கு மலாவி மீன்தான், என் தொட்டிகளிலும் அதுதான். ஆகவே இங்கே அதைப் பற்றியே அதிகம் பேசுகிறேன்.

தண்ணீர் விஷயத்தில் சென்னைக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பாத்திரத்தில் வெள்ளை படிகிறது, தலைமுடி கொட்டுகிறது என்று நாம் அலுத்துக்கொள்ளும் போர் தண்ணீர் இந்த மீன்களுக்கு நல்லது. உப்புக் கரிக்காத, வெறும் கடினத்தன்மை உள்ள போர் தண்ணீராக இருந்தால் போதும். மீனுக்கு நல்ல தண்ணீர் கொடுக்கிறோம் என்று ஆர்ஓ தண்ணீர் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மெட்ரோ தண்ணீர் வருகிற வீடாக இருந்தால் குளோரினைப் போக்கிவிட்டு, ஃபில்டருக்குள் ஒரு பையில் உடைத்த கிளிஞ்சலைப் போட்டு வையுங்கள்.

இப்போது ஜோடி விஷயத்துக்கு வருகிறேன். மலாவி சிக்லிட்டுகள் ஜோடி சேர்ந்து குடித்தனம் செய்வதில்லை. ஆண் ஒரு பாறை இடுக்கையோ மணலில் ஒரு குழியையோ தன் இடமாகப் பிடித்துக்கொண்டு, வருகிற பெண்களிடமெல்லாம் உடம்பை உதறி ஆட்டம் காட்டும். பெண் வந்து முட்டையிட்ட கையோடு திரும்பி அதை வாயில் அள்ளிக்கொள்ளும். ஆணின் அடிப்பக்கத் துடுப்பில், வாலுக்குச் சற்று முன்னால், முட்டை போலவே மஞ்சள் புள்ளிகள் இருக்கும். பெண் அதைக் கொத்தப் போகும்போது ஆணின் விந்து அதன் வாய்க்குள் போய் முட்டைகள் கருவுறும். அதோடு உறவு முடிந்தது. பெண் அங்கிருந்து விலகி, ஏறக்குறைய மூன்று வாரம் வாயில் குஞ்சுகளைச் சுமக்கும். அந்த நாட்களில் அது பெரும்பாலும் எதுவும் தின்னாது. தாடைக்கடியில் பை போல உப்பியிருக்கும், வாய் சும்மா மென்றுகொண்டே இருக்கும். பழகிய கண்ணுக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

இப்படிப்பட்ட மீனில் ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும் மட்டும் ஒரு தொட்டியில் அடைத்தால் என்ன ஆகும்? ஆணுக்குத் துரத்த அந்த ஒரு பெண்தான் உண்டு. முட்டை இல்லாத நாளிலும் துரத்தும், குஞ்சு சுமக்கும் நாளிலும் துரத்தும். ஏரியில் தப்பி ஓட இடம் இருக்கிறது, நாலடித் தொட்டியில் இல்லை. ஓடிக் களைத்தே பெண் செத்துப்போகும். ஆகவே ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண் என்று கூட்டமாக வாங்குங்கள். துரத்தல் பலர்மேல் பிரிந்து போகும்போது எவருக்கும் காயம் படாது.

டாங்கனிக்காவில் ஜோடி சேரும் சிக்லிட்டுகள் இருக்கின்றன. ஜூலிடோகுரோமிஸ் பாறைப் பொந்தில் ஜோடியாக வாழும். பிரிச்சார்டி என்று விற்கிற அழகான வெளிர்பழுப்பு மீனில் முந்தைய ஈட்டு அண்ணன் அக்காக்கள் அடுத்த ஈட்டுக் குஞ்சுகளைக் காவல் காக்கும். பார்க்கப் பார்க்கச் சலிக்காத குடும்பம் அது. ஆனால் சின்னத் தொட்டியில் அந்தக் குடும்பம் வளர வளர மற்ற மீன்களை மூலைக்குத் தள்ளிவிடும். அதை வாங்குகிறவருக்கு அது மட்டுமே இருக்கும் ஒரு தொட்டி வேண்டும்.

நாம் நிறத்தைப் பார்த்து மீன் வாங்குகிறோம். மீனும் நிறத்தைப் பார்த்துத்தான் நடந்துகொள்கிறது, ஆனால் அதன் கணக்கு வேறு. ஆணின் நிறம் பெண்ணுக்கு அழைப்பு, அதே நிறமுள்ள இன்னொரு ஆணுக்குச் சவால். இந்த ஏரிகளில் பல இனங்கள் ஒன்றோடொன்று மிக நெருங்கிய உறவு. குஞ்சு பொரிக்க உடம்பில் பெரிய தடை எதுவும் இல்லை. அவற்றைப் பிரித்து வைத்திருப்பதில் பெண் மீனின் கண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. விக்டோரியா ஏரியில் கழிவும் மண்ணும் சேர்ந்து தண்ணீர் கலங்கியபோது என்ன நடந்தது என்பதை ஓலே சீஹவுசன் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் 1997இல் எழுதினார்கள். கலங்கலில் பெண்ணுக்கு ஆணின் நிறம் சரியாகத் தெரியவில்லை. கலங்கிய இடங்களில் மீன்களின் நிறமும் மங்கியது, இனங்களின் எண்ணிக்கையும் குறைந்தது. தெளிவான தண்ணீர் இருந்த இடங்களில் இனங்கள் தனித்தனியாக நின்றன.

வீட்டுத் தொட்டியில் தண்ணீர் தெளிவாக இருந்தாலும் தன் இனத்து ஆண் இல்லாவிட்டால் பெண், இருக்கிற ஆணோடு சேர்ந்துவிடும். இதிலிருந்து இரண்டு முடிவுக்கு வரலாம். ஒன்று, ஒரே சாயலில் இருக்கும் இரண்டு இனங்களைச் சேர்க்காதீர்கள், ஆண்கள் அடித்துக்கொள்ளும். நீலத்தில் கறுப்பு வரி போட்ட டெமசோனியையும் அதே உடை போட்ட சவுலோசி ஆணையும் ஒன்றாக விட்டவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள். டெமசோனிக்குப் பக்கத்தில் வரியே இல்லாத மஞ்சள் மீனை விட்டால் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. இரண்டு, நெருங்கிய உறவுள்ள இனங்களைச் சேர்க்காதீர்கள். கலப்புக் குஞ்சு வரும்.

சரி, கடையில் எதிரே நீந்துவது எந்த மீன் என்று எப்படித் தெரிந்துகொள்வது? எல்லாரும் கேட்கும் மஞ்சள் மீனையே எடுத்துக்கொள்வோம். எலெக்ட்ரிக் யெல்லோ, யெல்லோ லாப் என்றெல்லாம் சொல்வார்கள். அறிவியல் பெயர் லேபிடோகுரோமிஸ் சீருலியஸ். மலாவியின் வடமேற்குக் கரையில் லயன்ஸ் கோவ் பக்கத்தில் ஒரு சிறு பகுதியில் மட்டும்தான் இது இப்படி மஞ்சளாக இருக்கும். மற்ற இடங்களில் வெள்ளை. பாறை மீன்களில் இவ்வளவு சாதுவானது குறைவு. முதன்முதலாக வளர்க்கிறவருக்கு நான் தருவது இதைத்தான்.

இதே மஞ்சளில் இன்னொன்று வரும், கென்யி ஆண். மெட்ரியாக்லிமா லொம்பார்டோய் என்று பெயர். குஞ்சில் ஆணும் பெண்ணும் நீலம், கருநீல வரிகளோடு. பெண் கடைசிவரை நீலமாகவே இருக்கும். ஆண் இரண்டரை அங்குலம் பக்கம் வளரும்போது மஞ்சளாக மாறும். மாறியபிறகு அதைப் போல முரட்டு மீனைப் பார்க்க முடியாது. யெல்லோ லாப் என்று நினைத்துக் கென்யி ஆணை வாங்கிப்போன வீடுகளிலிருந்து எனக்கு அடிக்கடி போன் வரும்: "அக்கா, மஞ்சள் மீன் சாதுன்னு சொன்னீங்களே."

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழப்பமே வராது. யெல்லோ லாபின் மஞ்சள் எலுமிச்சை மஞ்சள். முதுகுத்துடுப்பில் விளிம்பை ஒட்டி ஒரு கறுப்புப் பட்டை முன்னிருந்து பின்வரை விடாமல் ஓடும். வளர்ந்த ஆணின் வயிற்றுத் துடுப்பும் அடித்துடுப்பும் கறுத்திருக்கும். உடம்பில் குறுக்கு வரி கிடையாது. முகம் கொஞ்சம் கூராக இருக்கும், வாய் சின்னது. பாசிக்குள் ஒளிந்திருக்கும் பூச்சிகளைக் கொத்தி எடுக்க வசதியான வாய். கென்யி ஆணின் மஞ்சள் சற்று மங்கல், காவி கலந்தது போல. நெற்றி இறங்கி முகம் மழுங்கியிருக்கும், உடம்பு தடிப்பாக இருக்கும். கோபத்தில் இருக்கும்போது பழுப்பு வரிகள் மேலே தெரியும்.

இதைவிடக் கஷ்டமானது மூன்றாவது வகை. யெல்லோ லாபும் ஆரஞ்சு நிற ரெட் ஸீப்ராவும் கலந்து பிறந்தவை சந்தையில் நிறைய. மஞ்சளில் ஆரஞ்சு ஓடியிருக்கும். முதுகுத்துடுப்பின் கறுப்புப் பட்டை விட்டுவிட்டு இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. முகம் மழுங்கலாக இருக்கும். நான் குஞ்சுகளைத் தரம் பிரிக்கும்போது முதலில் பார்ப்பது அந்தப் பட்டையைத்தான். வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீரோடு ஒரு குஞ்சை எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் துடுப்பை விரிக்கும். பட்டை உடைந்திருந்தால் அது இனப்பெருக்கத் தொட்டிக்குப் போகாது.

ஆரட்டஸ் என்ற மீனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். குஞ்சில் பொன்மஞ்சள் உடம்பில் கறுப்பும் வெள்ளையுமாக நீள வரிகள். குழந்தைகள் கண்ணாடியில் விரல் வைத்துக் கேட்பது அதைத்தான். பெண் அப்படியே மஞ்சளாக இருக்கும். ஆண் வளர்ந்ததும் நிறம் அப்படியே தலைகீழாகி, உடம்பு கறுப்பாகவும் வரி வெளிறியும் போகும். நான்கு அங்குல மீன்தான், ஆனால் தன்னைவிடப் பெரியதையும் அடித்துக் கொல்லும். 'ஆப்பிரிக்கன் மிக்ஸ்' என்று எழுதி மலிவாக விற்கிற தொட்டிகளில் ஆரட்டஸும் கென்யியும் தவறாமல் இருக்கும். புதிதாக வளர்ப்பவர் அந்தத் தொட்டியிலிருந்து ஒரு மீனும் எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

கரையோரப் பாறைகளை ஒட்டி வாழும் இந்தக் கூட்டத்தை மலாவியில் ம்புனா என்பார்கள். பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்பவை இதில் அதிகம். அவற்றின் குடல் உடம்பைப் போலப் பல மடங்கு நீளம். அதற்கு நாம் ரத்தப் புழுவையும் மாட்டு இதயத்தையும் கொடுத்தால் வயிறு உப்பி, சாப்பாடு எடுக்காமல், வெள்ளை நூல் போலக் கழிந்து, சில நாளில் போய்விடும். ஸ்பைருலினா கலந்த தீவனம் போதும், அதையும் கொஞ்சமாக. டாங்கனிக்காவின் ட்ரோஃபியஸ் இந்த விஷயத்தில் இன்னும் மெல்லியது.

மணலிலும் திறந்த நீரிலும் வாழும் மலாவி மீன்கள் வேறு ரகம். மயில் சிக்லிட் என்று நாம் சொல்லும் அவுலோனோகாரா மணலுக்கு மேலே அசையாமல் நிற்கும். தாடையின் அடியில் உள்ள நுண்துளைகளால் மணலுக்குள் புழு நகர்வதை உணர்ந்து சட்டென்று கொத்தும். அதற்கு இறைச்சித் தீவனம் வேண்டும், அமைதியும் வேண்டும். முரட்டு ம்புனாவோடு விட்டால் நிறம் காட்டவே பயப்படும். யெல்லோ லாப், ரஸ்டி போன்ற சாதுக்களோடு சேர்த்தால் ஒத்துப்போகும். இதன் பெண்கள் எல்லா இனத்திலும் ஒரே சாம்பல் நிறம், எனக்கே பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் இரண்டு வகை மயிலை அதன் பெண்களோடு ஒரு தொட்டியில் வைக்கவே கூடாது. நிறம்தான் வேண்டும் என்பவர் ஒவ்வொரு வகையிலும் ஓர் ஆண் மட்டும், ஒன்றைப் போல மற்றொன்று இல்லாமல், பெண்ணே இல்லாத தொட்டி வைக்கலாம். அது நன்றாகவே நடக்கும்.

ஓபி மயில் என்று கறை கறையாக வருவது ஏரியில் கிடையாது, மனிதர் கலந்து உண்டாக்கியது. விருப்பப்பட்டால் வளர்க்கலாம், ஆனால் தெரிந்து வாங்க வேண்டும். இரண்டு அங்குலத்திலேயே பளபளவென்று முழு நிறம் காட்டும் மயில் குஞ்சுகள் விஷயத்தில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். இயல்பாக வளரும் ஆணுக்கு நிறம் நிரம்ப ஒரு வருஷம் பக்கம் ஆகும். ஆண் ஹார்மோன் கலந்த தீவனம் கொடுத்து நிறம் வரவைக்கிறவர்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். அந்த நிறம் சில மாதத்தில் வெளிறிவிடும். மீனை வைத்துப் பிழைக்கிற நாமே மீனுக்கு இதைச் செய்வது எனக்கு வேதனையாக இருக்கிறது.

அளவையும் கேளுங்கள். கடையில் இரண்டு அங்குலமாக இருக்கும் வீனஸ்டஸ் 25 சென்டிமீட்டர் வளரும் வேட்டை மீன். அதன் உறவான லிவிங்ஸ்டோனி செத்த மீன் போல மணலில் சாய்ந்து படுத்துக் கிடந்து, கிட்டே வரும் சின்ன மீனைப் பிடிக்கும். நெற்றி புடைத்த ஃப்ரன்டோசா ஓரடிக்கு வளரும், ராத்திரியில் தூங்கும் மெலிந்த மீன்களை விழுங்கும். இவை ஆறடித் தொட்டிக்கானவை.

நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியில் சுமார் 250 லிட்டர் தண்ணீர் கொள்ளும். அதற்கு நான் சொல்வது: யெல்லோ லாப் ஆறு, ஊதாப் பழுப்பு நிற ரஸ்டி ஆறு, நீல உடம்பும் மஞ்சள் வாலுமாகக் கூட்டமாக நீந்தும் ஏசி ஆறு. மூன்று நிறம், மூன்று சாயல், ஏறக்குறைய ஒரே சாப்பாடு. டெமசோனிதான் வேண்டும் என்றால் பன்னிரண்டுக்குக் குறையாமல் வாங்குங்கள். நாலைந்து மட்டும் விட்டால் பலமானது மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தீர்த்துவிடும்.

பாறைகளை மணல் போடுவதற்கு முன்பே அடிக்கண்ணாடியில், கீழே மெல்லிய ஃபோம் வைத்து, அசையாமல் அடுக்கிவிடுங்கள். இவை மணலைத் தோண்டும். மணல்மேல் நிற்கும் கல் ஒருநாள் சரியும். எல்லா மீனையும் சின்னதாக ஒரே சமயத்தில் விடுவது நல்லது. பிறகு ஒன்றைச் சேர்ப்பதானால் பாறைகளை மாற்றி அடுக்கிவிட்டுச் சேருங்கள். பழைய மீன்களுக்கும் இடம் புதிதாகிவிடும். ஃபில்டர் நன்றாக ஓடிப் பழகும் முன் மீன் விடாதீர்கள். பிஎச் கூடக் கூட அம்மோனியாவின் நச்சு கூடும். மற்ற தொட்டிகளில் தாங்குகிற அளவு இங்கே கொல்லும். கத்திரி வெயிலில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் இன்னொரு ஏர் பம்ப் போட்டு, மேல்மூடியைத் திறந்து ஃபேன் வையுங்கள், தீவனத்தைக் குறையுங்கள்.

மூன்றடித் தொட்டிதான் இருக்கிறது, ஆனால் நிறம் வேண்டும் என்று கேட்பவருக்கு நான் தருவது சவுலோசி. ஒரே இனம், பெண் பொன்மஞ்சள், ஆண் நீலத்தில் கறுப்பு வரி. இரண்டு ஆணும் ஆறேழு பெண்ணும் இருந்தால் தொட்டியில் இரண்டு இனம் இருப்பது போலத் தெரியும். இது மலாவி ஏரியில் சிசுமுலு தீவுக்குப் பக்கத்தில் தைவான் ரீஃப் என்ற ஒரே ஒரு பாறைத்திட்டில் வாழும் மீன். தொட்டி வியாபாரத்துக்காகப் பிடித்துப் பிடித்தே அங்கே அருகிவிட்டது. அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் என்று சர்வதேசப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். நம் தொட்டிகளில் கலப்பில்லாமல் பெருகுகிற ஒவ்வொரு ஈடும் ஏரியில் வலை போட வேண்டிய தேவையைக் குறைக்கிறது. அதனால் சவுலோசி வாங்குகிறவரிடம் வேறு ம்புனாவை அந்தத் தொட்டியில் சேர்க்க மாட்டேன் என்று வாக்கு வாங்கிக்கொள்கிறேன். கவர்மேல் மார்க்கரில் இனத்தின் பெயரையும் தைவான் ரீஃப் என்பதையும் எழுதித் தருகிறேன். குஞ்சு அதிகமாகிவிட்டால் அந்தப் பெயரோடு என்னிடமே திருப்பிக் கொண்டுவரலாம், வாங்கிக்கொள்கிறேன்.